துஜைல் வழக்கு: சதாமை வெறுத்தவர்களுக்கே அந்த நீதிமன்றத்தின் மேல் ஏன் இத்தனை கோபம்?

மணல்மேடு (கேள்வி)

சதாம் உசேனைத் தூக்கில் போட்ட துஜைல் வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. கொலைகாரனுக்கு எதற்குச் சட்டமும் சம்பிரதாயமும் என்பது ஒன்று. எல்லாம் அமெரிக்க ஜோடனை, மனிதர் உத்தமர் என்பது இன்னொன்று. இரண்டும் எனக்கு வேண்டாம். சதாம் ஆட்சியில் சொந்தங்களைப் பறிகொடுத்த ஈராக்கியர்களிலேயே அந்த விசாரணையை நினைத்துக் கொதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோபம் எதிலிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

வழக்கு தெரியாதவர்களுக்கு: துஜைல், பாக்தாதுக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கும் ஊர். 1982 ஜூலை 8 அன்று அங்கே சதாமின் கார் வரிசை மேல், அவர் ஆட்சியை எதிர்த்த ஷியா கட்சியான தாவாவைச் சேர்ந்தவர்கள் சுட்டார்கள். சதாம் தப்பினார். ஊர் தப்பவில்லை. நூற்றுக்கணக்கானோர் கைது, குடும்பம் குடும்பமாகப் பாலைவன முகாம், தோப்புகள் தரைமட்டம், 148 ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் மரண தண்டனை.

கேட்க நினைப்பது மூன்று. அது ஈராக் நீதிமன்றமா, அமெரிக்க நீதிமன்றமா? அரசியல் உள்ளே புகுந்தது எந்தத் தேதியில், எந்தச் சட்டப்பிரிவு வழியாக? ஆதாரம் பலவீனமாக இருந்ததால்தான் இத்தனை குளறுபடியா? ‘ஒருதலைப்பட்சம்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல் விவரமாகச் சொன்னால் நல்லது.

கறுப்பு அங்கி

முதலில் தேதிகளை வரிசையாக வையுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடக்கிறது.

2003 மே 22: ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஈராக்கின் ஆக்கிரமிப்பு அதிகாரங்கள் என்றே குறிப்பிடுகிறது. அதே ஆண்டு டிசம்பர் 10: ஈராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி பால் பிரெமர் போட்ட 48ஆம் உத்தரவின் பேரில், அமெரிக்கா நியமித்த ஆளுமை மன்றம் சிறப்பு நீதிமன்றச் சட்டத்தை வெளியிடுகிறது. மூன்றே நாள் கழித்து, டிசம்பர் 13, திக்ரித் அருகே அத்-தவ்ரில் சதாம் பிடிபடுகிறார். 2004 ஜூன் 28 ஆட்சிப் பொறுப்பு கைமாறுகிறது. அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட ஈராக் சபை அதே சட்டத்தைச் சிற்சில மாற்றத்தோடு 2005இன் 10ஆம் சட்டமாக நிறைவேற்றுகிறது. அது அரசிதழில் வந்தது 2005 அக்டோபர் 18. விசாரணை தொடங்கியது அக்டோபர் 19. மை காயவில்லை என்பார்களே, அதுதான்.

இப்போது சட்டத்தின் எல்லையைப் பாருங்கள். 1968 ஜூலை 17 முதல் 2003 மே 1 வரை நடந்த குற்றங்கள் மட்டும். ஈராக் குடிமக்கள், ஈராக்கில் வசிப்பவர்கள் மட்டும். மே 1 என்பது முக்கியப் போர் முடிந்தது என்று ஜார்ஜ் புஷ் கப்பலில் நின்று அறிவித்த நாள். அதாவது வெளியிலிருந்து வந்த சிப்பாய் எவனும் இந்தச் சட்டத்துக்குள் வரவே முடியாது. தேதியால் ஒரு வேலி, குடியுரிமையால் இன்னொரு வேலி. அமெரிக்கச் சிப்பாய்கள் அபு கிரைப் சிறைக் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் 2004இல் வெளிவந்தபோது ஒரு சாதாரண பாக்தாத்வாசிக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசியுங்கள். துஜைல் குடும்பங்களைப் பாலைவன முகாமுக்கு முன் அடைத்து வைத்ததும் அதே அபு கிரைப் சிறையில்தான்.

நீதிமன்றக் கட்டடம் பாக்தாதில் அமெரிக்கக் காவலில் இருந்த பச்சை மண்டலத்துக்குள், சதாமின் பாத் கட்சியுடைய பழைய தலைமையகம். சதாமின் காவல் கடைசி நாள் காலை வரை அமெரிக்கக் கையில். ஆவணங்களைச் சேகரித்து, தரம் பிரித்து, நீதிபதிகளுக்குப் பயிற்சி கொடுத்து, செலவும் செய்தது அமெரிக்க நீதித்துறையின் கீழ் இயங்கிய ஓர் அலுவலகம். மேடையில் உட்கார்ந்த ஐந்து நீதிபதிகளும் ஈராக்கியர்கள், சட்டமும் நடைமுறையும் பெரும்பாலும் ஈராக்குடையவை. மேடைக்குக் கீழே இருந்த அத்தனையும் அமெரிக்காவுடையது. உங்கள் முதல் கேள்விக்கு இதற்கு மேல் துல்லியமான பதில் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு நீதிபதிகளின் நாற்காலியைப் பாருங்கள். முதலில் ரிஸ்கார் முகமது அமீன். சதாமைப் பேச விடுகிறார், தளர்வாக நடத்துகிறார் என்று அமைச்சர்களே குறை சொல்ல, 2006 ஜனவரியில் விலகினார். அடுத்து வர வேண்டியவர் சையித் அல்-ஹம்மாஷி. அவர் பழைய பாத் கட்சிக்காரர் என்று பாத் களையெடுப்பு ஆணையம் கிளப்பியது. அவரும் போனார். வந்தவர் ரவூஃப் அப்துல் ரஹ்மான். நல்ல நீதிபதியாகவே இருக்கட்டும், ஆனால் அவர் பிறந்த ஊர் ஹலப்ஜா, 1988இல் சதாமின் ராணுவம் நச்சுவாயு வீசிய அதே குர்து ஊர். இந்த நாற்காலிக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று எதிர்தரப்பு கேட்டதில் தப்பில்லை.

நீதிபதிகளை மாற்ற வழி செய்தது 10ஆம் சட்டத்தின் 4ஆம் பிரிவு. அமைச்சரவை பரிந்துரைத்தால், குடியரசுத் தலைவர் குழு ‘எந்தக் காரணத்துக்காகவும்’ நீதிபதியை வேறிடத்துக்கு மாற்றலாம். இந்த வாசகம் ஒரு சட்டத்தில் இருந்தால் மற்றப் பக்கங்களைப் புரட்டவே தேவையில்லை என்பேன். 2006 செப்டம்பரில், குர்துகளைக் கொன்றதற்காகச் சதாம் மேல் தனியே நடந்த அன்ஃபால் வழக்கை விசாரித்த அப்துல்லா அல்-ஆமிரி, ‘நீங்கள் சர்வாதிகாரி இல்லை’ என்று சதாமைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சில நாளில் அவரைத் தூக்கிவிட்டார்கள். அசட்டுப் பேச்சுதான். அதைத் திருத்த மேல்நீதிமன்றம் இருக்கிறது, அமைச்சரவை எதற்கு?

அமைச்சரவை யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கு நடந்தபோது பிரதமராக இருந்த ஜாஃபரி, அவருக்குப் பின் வந்த மாலிக்கி, இருவருமே தாவா கட்சி. 1982இல் துஜைலில் சுட்ட கட்சி.

பழைய கட்டு

அங்கி சொன்ன தேதிகள் சரி. முடிவில் கொஞ்சம் முரண்படுகிறேன். ‘ஆக்கிரமிப்பு நீதிமன்றம்’ என்று ஒரே அடியாக எழுதினால் சட்டம் தெரிந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் உடைத்துவிடுவார்கள்.

1949 ஜெனீவா நான்காம் ஒப்பந்தத்தின் 70ஆம் பிரிவுப்படி, ஆக்கிரமிப்புக்கு முன் நடந்த செயல்களுக்காக அந்நாட்டு மக்கள் மேல் ஆக்கிரமித்த நாடு வழக்குப் போடக் கூடாது. போர்ச் சட்ட மீறல் மட்டும் விலக்கு. துஜைல் போர்க்குற்றம் அல்ல, சொந்தக் குடிமக்கள் மேல் அரசு நடத்திய பழிவாங்கல். எனவே அமெரிக்காவே ஒரு ராணுவ நீதிமன்றம் வைத்து இதை விசாரித்திருக்க முடியாது. 66ஆம் பிரிவோ, ஆக்கிரமிப்பு அதிகாரம் வைக்கும் ராணுவ நீதிமன்றம்கூட அரசியல் சார்பற்றதாக, அந்த நாட்டுக்குள்ளேயே அமர்வதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்த நெருக்கடியில்தான் ஈராக் பெயரில் நீதிமன்றம் தேவைப்பட்டது. ஆனால் 64ஆம் பிரிவும் 1907 ஹேக் விதிகளின் 43ஆம் பிரிவும் நாட்டின் சட்டத்தை இயன்றவரை மதிக்கச் சொல்கின்றன. புதிய நீதிமன்றத்தை உருவாக்க உத்தரவு போட பிரெமருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி அங்கே தொங்கியது. அதை மூடத்தான் 2005இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மறுபடி நிறைவேற்றியது. பிறப்பில் கோளாறு, பெயர் வைப்பில் திருத்தம். விசாரணை நாளில் சட்டப்படி அது ஈராக் நீதிமன்றமே, ஒரு லட்சத்துக்கு மேல் அந்நியத் துருப்பு நாட்டில் நின்றபோதிலும்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: இல்லை. ஆதாரம் பலமானது. கோபத்துக்கே அதுதான் காரணம்.

2006 பிப்ரவரி 28 அன்று அரசுத் தரப்பு வைத்த தாள் ஒன்று போதும். சதாம் ஆட்சியின் புரட்சி நீதிமன்றம் 1984 ஜூன் 14 அன்று 148 பேருக்கு மரண தண்டனை விதிக்கிறது. ஜூன் 16 தேதியிட்ட ஒப்புதலில் சதாமின் கையெழுத்து. இடையில் இரண்டு நாள். அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்குமேடைக்கே வரவில்லை, முன்பே சித்திரவதையில் செத்திருந்தார்கள். செத்தவர்களுக்குத் தண்டனை விதித்த ‘விசாரணை’ அது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் பட்டியலில் உண்டு. கையெழுத்து நிபுணர்கள் கையெழுத்தை உறுதி செய்தார்கள். தாளை வைத்த மறுநாள், மார்ச் 1, சதாமே எழுந்து, வழக்குக்கு அனுப்பியதும் தோப்புகளை அழிக்கச் சொன்னதும் நான்தான், இதில் குற்றம் எங்கே என்ற பொருளில் பேசினார். இதைவிட அரசுத் தரப்புக்கு என்ன வேண்டும்?

அதனால்தான் பொறுமையாக, சுத்தமாக நடத்தினாலே வென்றிருக்கக்கூடிய வழக்கு என்கிறேன். எட்டுப் பேர் கூண்டில். அவர்களில் அவாத் அல்-பந்தர் என்பவர் 1984இல் அந்த 148 பேருக்கும் தண்டனை எழுதிய நீதிபதி. அவர் மேல் இருந்த குற்றச்சாட்டின் சாரமே, வாதாட வாய்ப்புக் கொடுக்காமல் அரசியல் விசாரணை நடத்தினார் என்பது. அந்த அல்-பந்தருக்கு வாதாடிய சாதூன் அல்-ஜனாபியை விசாரணை தொடங்கிய மறுநாளே, 2005 அக்டோபர் 20, கடத்திக் கொன்றார்கள். நவம்பர் 8 அன்று அதேல் அல்-சுபெய்தி. 2006 ஜூன் 21 அன்று, இறுதி வாதக் கட்டத்தில், சதாமின் வக்கீல் கமீஸ் அல்-ஒபெய்தி. மூன்று வக்கீல் செத்த பிறகும் வாய்தா போட்டுப் போட்டு வழக்கு ஓடியது. வெளிநாட்டில் நடத்தலாம் என்ற யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீதிபதிகளும் அரசுத் தரப்பும் பாதுகாப்பான வளாகத்தில், எதிர்தரப்பு வக்கீல்கள் ஊருக்குள் என்றால் தராசு எந்தப் பக்கம் சாயும்?

மணல்மேடு

இருவருக்கும் நன்றி. பழைய கட்டு, ஒரு சந்தேகம். குற்றச்சாட்டையே 2006 மே 15 அன்றுதான் வாசித்தார்கள் என்கிறார்கள். விசாரணை தொடங்கி ஏழு மாதம் கழித்தா? இது அப்பட்டமான மோசடி இல்லையா? மேல்முறையீடு பற்றியும் யாராவது விளக்குங்கள்.

கறுப்பு அங்கி

குற்றச்சாட்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஈராக்கின் 1971 குற்றவியல் நடைமுறைச் சட்டம் நம் முறை மாதிரி இல்லை. முதலில் புலன்விசாரணை நீதிபதி ஒரு வழக்குக் கட்டு தயாரிக்கிறார். விசாரணை நீதிமன்றம் புகார்தாரர்களையும் சாட்சிகளையும் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகே குற்றச்சாட்டு வனைகிறது. நம் ஊரிலும் தனிநபர் புகாரில் வரும் வாரண்ட் வழக்கில் சாட்சியம் முதலில், குற்றச்சாட்டு பிறகுதான். ஆனால் அங்கே நமக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: குற்றச்சாட்டு வனைந்த பின் அதே சாட்சிகளைத் திரும்ப அழைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

துஜைலில் கோளாறு வந்தது இந்த இடைவெளியில். ‘மனித குலத்துக்கு எதிரான குற்றம்’ என்பது 1971 நடைமுறைக்குப் பழக்கமில்லாத சரக்கு. வெறும் கொலை என்றால் யார் கொன்றார் என்று பார்த்தால் போதும். இதில் பொதுமக்கள் மேல் பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் நடந்ததா, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது தெரியுமா, அவர் பங்கு எது, மூன்றையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும். எதை உடைக்க வேண்டும் என்று தெரியாமலே எதிர்தரப்பு ஏழு மாதம் சாட்சிகளைக் கேள்வி கேட்டது. அந்தக் கேள்வியும் வக்கீல் வாயிலிருந்து நேரே சாட்சிக்குப் போகாது, தலைமை நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும். 2005 டிசம்பரில் ஒரு பெண் சாட்சி திரைக்குப் பின்னால் பேசினார். குரல் மாற்றும் கருவி போட்ட கரகரப்பில் ஒரு சொல்லும் புரியவில்லை என்று எதிர்தரப்பு எழுந்தது. கருவியை அணைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. சாட்சியைப் பாதுகாக்க வேண்டியதுதான், முன்கூட்டி ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கலாமே.

வாய்தா

மேல்முறையீட்டுக் கணக்கை நான் போடுகிறேன், நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வாசித்தது 2006 நவம்பர் 5. சதாம், தாய் ஒன்று, தந்தை வேறான அவரது சகோதரர் பர்சான், அல்-பந்தர் மூவருக்கும் தூக்கு. தாஹா யாசின் ரமதானுக்கு ஆயுள். மூவருக்குப் பதினைந்து ஆண்டு, ஒருவர் விடுதலை. அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நவம்பர் 7. தற்செயல் என்று சத்தியம் செய்தாலும் அந்த ஊரில் யார் நம்புவார்கள்?

மேல்முறையீட்டுக்கு 30 நாள், அதாவது டிசம்பர் 5 வரை. ஆனால் வாசித்த அன்று எழுத்துத் தீர்ப்பு தயாராக இல்லை. சுமார் 300 பக்கத் தீர்ப்பு எதிர்தரப்பு கைக்கு வந்தது நவம்பர் 22. மிச்சம் இரண்டு வாரத்துக்கும் குறைவு. நம் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தீர்ப்பு நகல் கிடைக்க ஆகும் நாள்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடும். நகல் இல்லாமல் எதை எதிர்த்து மனு எழுதுவது என்ற எளிய நியாயம். இங்கே அது இல்லை.

ஒன்பது நீதிபதிகள் கொண்ட மேல்முறையீட்டு அமர்வு டிசம்பர் 26 அன்று எல்லாவற்றையும் உறுதி செய்தது. அதன் தீர்ப்பு 17 பக்கம். அதோடு விடவில்லை, ரமதானுக்குக் கொடுத்த ஆயுள் போதாது என்று திருப்பி அனுப்பியது. அவரையும் 2007 மார்ச் 20 அன்று தூக்கில் போட்டார்கள்.

அடுத்து சட்டத்தின் 27ஆம் பிரிவு. தண்டனை இறுதியானால் 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். மன்னிக்கவோ குறைக்கவோ குடியரசுத் தலைவர் உட்பட யாருக்கும் அதிகாரமில்லை. ஈராக் 1971லேயே ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை, மரண தண்டனைக் கைதி யாரும் கருணை கேட்கலாம் என்கிறது. இந்தியாவில் சத்ருகன் சௌகான் வழக்கில் 2014இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு, கருணை மனு நிராகரித்த தகவல் சேர்ந்தபின் குறைந்தது 14 நாள் இடைவெளி கொடுத்தாக வேண்டும். துஜைலில் மேல்முறையீட்டுத் தீர்ப்புக்கும் கயிற்றுக்கும் நடுவே நான்கு நாள்.

அந்த நான்காவது நாள், டிசம்பர் 30, சன்னிகளுக்குப் பக்ரீத். ஈராக்கின் நடைமுறைச் சட்டம் 290ஆம் பிரிவு, அரசு விடுமுறையிலும் கைதியின் மதப் பண்டிகையிலும் தூக்குப் போடக் கூடாது என்கிறது. சதாம் சன்னி. சொந்த நாட்டுச் சட்டத்தின் தெளிவான ஒரு வரி. மரண தண்டனையை எதிர்ப்பவரான குடியரசுத் தலைவர் தலபானி உத்தரவில் கையெழுத்துப் போடவில்லை. பிரதமர் மாலிக்கி போட்டார். முப்பது நாள் அவகாசம் கையில் இருந்தும் ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. என்னைக் கேட்டால் இந்த வழக்கில் ஆக்கிரமிப்பாளர்மேல் பழி போட முடியாத ஒரே கட்டம் இதுதான். இந்த அவசரம் உள்ளூர்ச் சரக்கு.

நடுப்பக்கம்

ஒப்பிட இன்னொரு வழக்கு வேண்டுமென்றால் 1942இல் பிரான்ஸில் நடந்த ரியோம் விசாரணையைப் பாருங்கள். ஜெர்மனியிடம் தோற்றதற்குப் பழைய பிரதமர்கள் லியோன் ப்ளூம், தலாதியே, தளபதி கமலன் ஆகியோரைக் கூண்டில் ஏற்றினார், தோல்விக்குப் பின் ஜெர்மனிக்கு இணங்கி ஆட்சி நடத்திய பெத்தான். அங்கேயும் அங்கி சொன்ன அதே ‘தேதி வேலி’ உண்டு. குற்றச்சாட்டு 1936இலிருந்து தொடங்கும். காரணம், 1934இல் போர் அமைச்சராக இருந்தவர் பெத்தானே. விசாரணைக்கு முன்பே, 1941 அக்டோபரில், அவர்களுக்குத் தண்டனையும் அறிவித்துவிட்டார்.

ஆனால் ரியோமில் வக்கீல்களை யாரும் சுடவில்லை, ப்ளூமையும் தலாதியேயையும் பேச விட்டார்கள். அவர்கள் ஆயுத ஒதுக்கீட்டுக் கணக்கை எடுத்து வைத்து வேலிக்கு அந்தப் பக்கம் கை நீட்ட, கூண்டில் நிற்பது யார் என்பதே மாறிப்போனது. ஹிட்லர் கடுப்பாக, ஏப்ரலில் விசாரணையை நிறுத்தினார்கள். தீர்ப்பே வரவில்லை. துஜைலில் சதாமுக்கும் பேச நேரம் கிடைத்தது. அவர் கூச்சல், வெளிநடப்பு, உண்ணாவிரதம் என்று செலவழித்தார். கையெழுத்தே எதிரில் கிடக்கும்போது வேறு என்ன செய்வார் என்றும் கேட்கலாம்.

பழைய கட்டு

வாய்தா சொன்ன ‘உள்ளூர்ச் சரக்கு’ சரி. ஆனால் கைதியை அன்று விடியுமுன் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து ஒப்படைத்தது அமெரிக்க ராணுவம். தாளைச் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். 290ஆம் பிரிவு தெரியாமல் இல்லை.

மணல்மேடு முதலில் கேட்டதற்கு, சதாமை வெறுத்தவர்களின் கோபத்துக்கு, வருகிறேன். அதை அன்ஃபால் வழக்கில் தேடுங்கள். 1988இல் குர்து கிராமங்களை வரிசையாக அழித்த படையெடுப்பு. இறந்தவர்கள் குறைந்தபட்ச மதிப்பீட்டிலேயே 50,000. இனப்படுகொலைக் குற்றச்சாட்டு இருந்தது அந்த வழக்கில்தான், துஜைலில் அல்ல. 2006 ஆகஸ்ட் 21 அன்று தொடங்கி, சாட்சியம் பாதியில் நின்றபோது முதல் எதிரியான சதாமைத் துஜைலுக்காகத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

கைபேசியில் யாரோ திருட்டுத்தனமாக எடுத்த படத்தில், தூக்குமேடைக்குக் கீழே நின்றவர்கள் ஷியா மதத் தலைவர் முக்ததா அல்-சதரின் பெயரைக் கத்துவதும் வசைபாடுவதும் கேட்கும். நடுவே ஒரு குரல், அந்த மனிதர் சாகப்போகிறார், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கெஞ்சும். அது முன்கித் அல்-ஃபரூன். அன்ஃபால் வழக்கின் தலைமை அரசு வழக்கறிஞர். கூச்சலுக்கும் அவமரியாதைக்கும் எதிராக அந்த அறையில் வாய் திறந்தவர், சதாமை இனப்படுகொலைக்காகத் தண்டிக்கக் கட்டு சுமந்துகொண்டிருந்தவர்.

2007 ஜனவரி 8 அன்று அன்ஃபால் வழக்கு மறுபடி கூடியது. சதாம் மேலிருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டதாக முதலில் அறிவித்தார்கள். பிறகு அரசுத் தரப்பு ஒலிநாடாக்களைப் போட்டது. ரசாயன ஆயுதம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்லும் என்று சதாமின் குரல் அதில் சொன்னது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.